ஆங்கில இலக்கணத்தில் எது லேசு, எது கஷ்டம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்து வருகிறேன். பெற்றோர், புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியர்கள், வேலைக்காகத் தனியே படிக்கும் பெரியவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்டாலும் எல்லோருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த இலக்கணம் என்ன மட்டத்தில் நிற்கிறது, என் பிள்ளை என்ன மட்டத்தில் நிற்கிறது. யாருக்கு, எந்த வேலைக்கு என்று கேட்காமல் ஓர் இலக்கணத்தைக் கஷ்டம் என்றோ லேசு என்றோ சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைப் பதில்களில் பாருங்கள்.

பாடப்புத்தகத்தில் முதலில் வருவது லேசு, பின்னால் வருவது கஷ்டம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. எது உடனே தேவைப்படும், எதைச் சுருக்கமாக விளங்கப்படுத்தலாம், எதன் மேல் மற்றதைக் கட்டலாம் என்றெல்லாம் பார்த்துத்தான் புத்தகத்தை அடுக்குகிறார்கள். அதில் பிழையில்லை. அந்த அடுக்கையே கஷ்டத்தின் அளவுகோலாகப் பிடித்துக்கொண்டால்தான் பிள்ளைக்கு அநியாயம் நடக்கிறது. "இது தரம் 5 பாடம், இன்னும் இது தெரியாதா?" என்று ஏச்சு விழுவது அதனால்தான்.

படர்க்கை ஒருமையில் வினைச்சொல்லோடு சேர்கிற 'எஸ்' இதற்கு நல்ல உதாரணம். 'ஹீ', 'ஷீ', 'இட்' வந்தால் 'எஸ்' போடு என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஏ.எல். படிக்கும் பிள்ளையும் "மை பிரதர் வேர்க் இன் கட்டார்" என்றுதான் சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகள் 14 சிறு இலக்கண உறுப்புகளை எந்த ஒழுங்கில் பிடித்துக்கொண்டார்கள் என்று பதிந்தார். 'கோயிங்' என்பதில் வரும் 'இங்' முதலாவதாக வந்தது. இந்த 'எஸ்' பத்தாவதாக வந்தது. ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த குழந்தைக்கே அது பிந்தித்தான் வருகிறது. 1974இல் ஹெய்டி டுலே, மரினா பேர்ட் இருவரும் ஸ்பானிய, சீனத் தாய்மொழிப் பிள்ளைகள் ஆங்கிலம் படிப்பதைப் பார்த்தபோதும் அந்த 'எஸ்' பின்வரிசையில்தான் நின்றது.

புத்தகத்தில் முன்னால் நிற்கும் விடயம் வாயில் கடைசியாக வருவது இயல்பு. பிள்ளையின் கவனக்குறைவு என்று அதை நினைத்துவிடாதீர்கள்.

அப்படியென்றால் 'கஷ்டம்' என்பதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ரொபர்ட் டிகீசர் 2005இல் எழுதிய ஒரு கட்டுரை இதை மூன்றாகப் பிரிக்கிறது: வடிவம் கஷ்டமா, பொருள் கஷ்டமா, வடிவத்தையும் பொருளையும் இணைப்பது கஷ்டமா. இது வகுப்பறைக்கு மிகவும் உதவுகிற பிரிப்பு.

வடிவம் கஷ்டம் என்றால் துண்டுகள் அதிகம், அவற்றின் ஒழுங்கு குழப்பம். "ஷூட் ஹேவ் பீன் கிளீன்ட்" என்பதில் நான்கு சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியான உருவில் வர வேண்டும். பொருள் தமிழில் ஒரே சொல்லில் இருக்கிறது, 'துப்புரவாக்கப்பட்டிருக்கவேண்டும்'. பிள்ளைக்குப் பொருள் உடனே விளங்கும், வடிவம்தான் கையில் நிற்காது.

பொருள் கஷ்டம் என்பது இதற்கு நேர்மாறு. பெயருக்கு முன்னால் வரும் 'தி' என்பதை எழுத இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எங்கே போடுவது? கேட்கிறவருக்கு எந்தப் பொருள் என்று ஏற்கெனவே தெரியுமா, தெரியாதா என்பதைப் பேசுகிறவர் ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் கணக்கெடுக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தமிழ் ஒவ்வொரு பெயரிலும் நம்மிடம் கேட்பதில்லை.

இணைப்பு என்பது கொஞ்சம் நுட்பமானது. ஒரே 'எஸ்' பெயரோடு வந்தால் பன்மை, வினையோடு வந்தால் ஒருமை, மேற்புள்ளியோடு (அபொஸ்ட்ரஃபி) வந்தால் உடைமை. ஓசை ஒன்று, வேலை மூன்று. அதற்கும் மேலே, காதில் விழுமா என்ற கேள்வி இருக்கிறது. "வாக்ட் டு ஸ்கூல்" என்று யாராவது வேகமாகச் சொன்னால் இறந்தகாலத்து 'ட்' அடுத்த சொல்லோடு ஒட்டிக் காணாமல் போய்விடும். காதில் விழாததைப் பிள்ளை எங்கிருந்து பிடிக்கும்?

"டீச்சர், புள்ளைக்கு கிரமர் எல்லாம் பாடம். ஆனா வாயத் தொறந்தா எல்லாம் பிழையாத்தான் வருது." ஏன்?

பெற்றோரிடமிருந்து மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான்.

விதியை அறிவது ஓர் அறிவு. யோசிக்காமல் பயன்படுத்துவது இன்னோர் அறிவு. ரொட் எல்லிஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே மாணவர்களை ஒரே இலக்கணங்களில் இந்த இரண்டு வகையிலும் சோதித்துப் பார்த்தது. ஒரு வகையில் லேசாக நின்ற இலக்கணம் மற்ற வகையில் கஷ்டமாக நின்றது. மறுபக்கமும் உண்டு. ஜெர்மன் மாணவர்களை வைத்து 1992இல் கிரீன், ஹெக்ட் என்பவர்கள் செய்த ஆய்வில், சரியான விதியைச் சொல்லத் தெரியாமலே பிழையைச் சரியாகத் திருத்திய பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். விதியை ஒப்புவிப்பதை வைத்து மட்டத்தை அளந்தால் இரண்டு பக்கமும் தவறிப்போகும்.

கல்லடியில் ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இறந்தகால வினைகளில் இடைவெளி நிரப்பும் பயிற்சியில் முழுப் புள்ளி எடுத்த பிள்ளை. சந்தைக்குப் போன கதையைச் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னது இது: "யெஸ்டர்டே மை மதர் வென்ட் டு மார்க்கெட். ஷீ பை ஃபிஷ். தி மேன் கிவ் ஸ்மோல் ஃபிஷ். மை மதர் ஷவுட்டட்."

நான்கு வினைகள். இரண்டு சரி, இரண்டு பிழை. பாதிப் புள்ளி போட்டுவிட்டுப் போனால் அந்தப் பிள்ளையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாமல் போகும். 'வென்ட்' தனிச் சொல்லாக, அடிக்கடி கேட்ட சொல்லாக மனதில் இருக்கிறது. 'ஷவுட்டட்' என்பதில் 'டட்' என்று ஓர் அசை முழுதாகக் காதில் விழுகிறது. 'பை' 'போட்' ஆகவும் 'கிவ்' 'கேவ்' ஆகவும் உள்ளுக்குள்ளே உயிரோசை மாற வேண்டும், பேசும் வேகத்தில் தேட நேரமில்லை. அதோடு 'யெஸ்டர்டே' என்று தொடக்கத்திலேயே சொல்லியாகிவிட்டது. காலம் கேட்பவருக்குத் தெரியும். வினை மாறாவிட்டாலும் கதை விளங்கும். ஆகவே மனம் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறது. இந்தப் பிள்ளைக்கு 'இறந்தகாலம் தெரியாது' என்று சொல்வது சரியில்லை. எழுத்தில் தெரியும், பேச்சில் பாதி வழி வந்திருக்கிறாள்.

தமிழ்ப் பிள்ளைக்கு என்றே கஷ்டமானவை எவை?

முதலிடம், பெயருக்கு முன்னால் வரும் 'அ', 'தி' இரண்டுக்கும்தான். உலகம் முழுவதும் அச்சிடும் புத்தகங்களில் இவை தொடக்க மட்டத்தில் வருகின்றன. ஜப்பானிய, கொரிய, சீன மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2009இல் தொகுத்துப் பார்த்த லுக், ஷிராய் இருவரும், அந்த மாணவர்களுக்கு இந்தச் சொற்களும் பன்மை 'எஸ்'ஸும் பொதுவாகச் சொல்லப்பட்ட ஒழுங்கைவிடப் பிந்தியே வருவதாகக் காட்டினார்கள். அந்த மொழிகளில் 'அ', 'தி' போன்ற சொற்கள் இல்லை, பன்மை விகுதியும் கட்டாயமில்லை. தமிழிலும் அப்படித்தான். "ரெண்டு மாடு நிக்குது" என்றால் நமக்கு எந்தக் குறையும் தெரியாது. எண் வந்த பிறகு பன்மை எதற்கு? ஆகவே "டூ கௌ" என்று பிள்ளை எழுதுவது தமிழின் நியாயப்படி சரியான கணக்கு.

அடுத்தது நிகழ்காலம். "நான் கடைக்குப் போறன்" என்று ஒருவர் சொன்னால், இப்போது நடந்துகொண்டிருக்கிறார், தினமும் போகிறவர், இனித்தான் போகப்போகிறார் என்ற மூன்றுக்கும் அது பொருந்தும். ஆங்கிலம் இந்த மூன்றையும் வேறு வேறு உருவில் கேட்கிறது. இதனால்தான் "ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் எவ்ரி டே" என்று வருகிறது. 'இங்' உருவம் பிள்ளைக்கு மிக விரைவில் வாயில் ஒட்டிக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம். வடிவம் லேசு, எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம்.

மூன்றாவதை நான் தனியாகக் கவனிக்கச் சொல்வேன்: ஒரு வசனத்துக்குள் பதிந்த கேள்வி. "அவர் எங்க இருக்கிறார்?" என்பதையும் "அவர் எங்க இருக்கிறார் எண்டு தெரியாது" என்பதையும் பாருங்கள். தமிழில் உள்ளே இருக்கும் கேள்வி ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆங்கிலத்தில் "வேர் இஸ் ஹீ?" என்று ஒழுங்கைப் புரட்டிப் படித்த பிள்ளை, "ஐ டோன்ட் நோ வேர் ஹீ இஸ்" என்று திரும்பவும் புரட்ட வேண்டும். முதல் புரட்டலைக் கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளைதான் இதில் விழும். வெளிப்பார்வைக்கு இது சின்ன விடயம். கேள்வி அமைப்பில் கடைசியாக வரும் படிகளில் இது ஒன்று.

பிறர் கூற்றும் இதே வகை. "நாளைக்கு வருவன் எண்டு சொன்னார்" என்று நாம் அவர் வாயில் வந்ததையே 'எண்டு' போட்டு முடித்துவிடுவோம். ஆளும் மாறாது, காலமும் மாறாது. ஆங்கிலத்தில் 'ஐ வில்' என்பது 'ஹீ வுட்' ஆக வேண்டும், 'டுமோரோ'வும் இடம் பெயர வேண்டும். இதோடு, 'இஸின்ட் இட்?' போல வசனத்தின் முடிவில் ஒட்டும் வால் கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் எதற்கும் ஒரு 'தானே' போதும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒவ்வொரு வால்.

முன்னிடைச் சொற்களைப் பற்றி ஒரு வரிதான்: 'இன்', 'ஒன்', 'அட்' மூன்றையும் விதியாகப் படிப்பிக்க வேண்டாம், சொற்றொடராகவே கொடுங்கள்.

தமிழ்ப் பிள்ளைக்கு லேசாக வரக்கூடியது ஏதும் உண்டா?

உண்டு, ஆனால் அதை யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. "நீ சொல்லியிருந்தா நான் வந்திருப்பன்." இந்த வசனத்தை எங்கள் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே சொல்கிறார்கள். நடக்காமல் போன ஒன்றை நடந்ததாக வைத்துப் பேசும் கருத்து தமிழில் ஆழமாக இருக்கிறது. அதுவும் இரண்டு பக்கமும் 'இரு' என்ற துணைவினையோடு. ஆங்கிலத்தின் "இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்" என்பதை மூன்றாம் நிபந்தனை வாக்கியம் என்று பெயர் வைத்து, சூத்திரம் எழுதி, பயமுறுத்திப் படிப்பிக்கிறார்கள். தமிழ் வசனத்தை மேலேயும் ஆங்கில வசனத்தைக் கீழேயும் எழுதிக் காட்டினால் பொருள் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். மிச்சம் வடிவப் பயிற்சி மட்டும்தான்.

'ஹேவ்' சேரும் நிறைவுக் காலமும் பாதி லேசு. "நான் கொழும்புக்குப் போயிருக்கிறன்" என்ற அனுபவப் பொருள் அப்படியே பொருந்தும். பொருந்தாத இடமும் உண்டு. "நேற்று அவர் வந்திருக்கிறார்" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' வந்தால் அந்த உருவம் வராது. ஆக, இந்த இலக்கணத்தில் எங்கள் பிள்ளைக்கு எல்லைதான் கஷ்டம், நடுப்பகுதி அல்ல. முழுப் பாடத்தையும் ஒரே அளவில் நீட்டாமல் அந்த எல்லையில் நேரத்தைச் செலவழியுங்கள்.

அம்பாறையில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே ஆங்கில வகுப்பில் இருந்தால் கஷ்டம் ஒன்றாக இருக்குமா?

இருக்காது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போல இரு மொழிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் இடங்களில் ஆசிரியர்கள் இதைக் கவனித்தால் நல்ல பயன் கிடைக்கும்.

சிங்களத்தில் 'பொத' என்றால் குறிப்பிட்ட அந்தப் புத்தகம், 'பொதக்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். குறிப்பிட்டது, குறிப்பிடாதது என்ற வேறுபாட்டைச் சொல்லின் வாலிலேயே போட்டுப் பழகிய பிள்ளைக்கு 'அ', 'தி' எதற்காக என்பது அவ்வளவு அந்நியமாக இருக்காது. கல்முனையிலோ திருக்கோவிலிலோ இருந்து வரும் பிள்ளைக்கு அந்த உதவி கிடையாது.

வினையில் நிலைமை தலைகீழ். பேச்சுச் சிங்களத்தில் 'மம யனவா', 'எயா யனவா' என்று யார் போனாலும் வினை மாறாது. தமிழில் போறன், போறாய், போறாள், போறார் என்று ஆளுக்கு ஆள் வினை மாறும். ஆள் மாறினால் வினை மாறும் என்ற கருத்தைத் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆகவே ஒரே பாடத்தை ஒரு பக்கத்துக்கு நீட்டியும் மற்றப் பக்கத்துக்குச் சுருக்கியும் எடுக்கலாம். அடுத்த பாடத்தில் அது மாறும்.

ஏ1, ஏ2, பி1 என்று புத்தகங்களில் போடுகிறார்களே, அது இலக்கணத்தின் கஷ்டத்தைக் காட்டுகிறதா?

நேரடியாகக் காட்டாது. ஐரோப்பியப் பேரவை 2001இல் வெளியிட்ட பொது அளவுகோல் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு மட்டங்களை வகுத்தது. அது எந்த மொழிக்கும் பொதுவானது. 'அறிமுகமான விடயம் பற்றி எளிமையாகப் பேசக்கூடியவர்' என்பது போல, ஒருவர் மொழியை வைத்து என்ன செய்யக்கூடியவர் என்றுதான் அது சொல்கிறது. 'இன்ன மட்டத்தில் இன்ன ஆங்கில இலக்கணம்' என்ற பட்டியல் அதற்குள் இல்லை. அந்தப் பட்டியல்களைப் பிறகு மற்றவர்கள் செய்தார்கள். பிரிட்டிஷ் கவுன்சிலும் ஈக்வல்ஸ் அமைப்பும் சேர்ந்து 2010இல் ஒன்றை வெளியிட்டன.

கேம்பிரிட்ஜின் 'இங்கிலிஷ் கிராமர் புரொஃபைல்' இன்னும் விரிவானது. பல நாட்டு மாணவர்கள் பரீட்சையில் எழுதிய விடைகளை ஆராய்ந்து, எந்த இலக்கணத்தை எந்த மட்டத்து மாணவர் சரியாகப் பயன்படுத்தத் தொடங்குகிறார் என்று 1,200க்கும் மேற்பட்ட பதிவுகளாகத் தருகிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆசிரியர்கள் கட்டாயம் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டியது அது. முக்கியமாக ஒன்றை அங்கே காண்பீர்கள்: ஒரே உருவம் பல மட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சாதாரண இறந்தகாலம் நடந்ததைச் சொல்ல முந்திய மட்டத்திலேயே வருகிறது. அதே இறந்தகாலம் "ஐ வொன்டர்ட் இஃப் யூ குட் ஹெல்ப் மீ" என்று மரியாதைக்குப் பயன்படுவது பிந்தித்தான். ஆகவே 'இறந்தகாலம் என்ன மட்டம்?' என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். அவை எழுத்துப் பரீட்சை விடைகள், பேச்சைப் பற்றி அவற்றிலிருந்து முடிவெடுக்கக் கூடாது. மற்றது, அது உலகப் பொதுப்படம். மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளைக்கு 'தி' எவ்வளவு கஷ்டம், 'சொல்லியிருந்தா' எவ்வளவு லேசு என்று அது சொல்லாது.

பி1 பயிற்சிப் புத்தகத்தை மகன் முடித்துவிட்டான். அவன் பி1 தானே?

பி1 இலக்கணப் பயிற்சிகளைச் செய்யத் தெரிந்தவன். பி1 என்று சொல்ல அவன் பேசுவதையும் கேட்பதையும் வாசிப்பதையும் எழுதுவதையும் பார்க்க வேண்டும்.

மகள் முன்பு 'ஏட்' என்று சரியாகச் சொன்னாள், இப்போது 'ஈட்டட்' என்கிறாள். பின்னுக்குப் போகிறாளா?

முன்னுக்குப் போகிறாள். முன்பு 'ஏட்' என்பதைத் தனிச் சொல்லாகக் கேட்டு வைத்திருந்தாள், 'ஈட்'டுக்கும் அதற்கும் உள்ள உறவு தெரியாது. இப்போது 'எட்' சேர்த்தால் இறந்தகாலம் என்ற விதியைத் தானே பிடித்துவிட்டாள். பிடித்த விதியை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறாள். ஆங்கிலக் குழந்தைகளும் இப்படியே செய்கிறார்கள். கொஞ்ச நாளில் விதிவிலக்குகள் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிடும். இந்த நேரத்தில் பரீட்சை வைத்தால் புள்ளி குறையும். புள்ளி குறைந்த காரணத்துக்காக ஏச வேண்டாம்.

நன்றாகப் படிப்பித்தால் ஒழுங்கைத் தாண்டி மேலே போக முடியாதா?

சில விடயங்களில் முடியாது. மன்ஃபிரெட் பீனமன் 1984இல், ஜெர்மன் படிக்கும் இத்தாலியத் தாய்மொழிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார். ஒரு சொல்லொழுங்கை அதற்கு முந்திய படியில் நின்ற பிள்ளைக்குப் படிப்பித்தபோது பலன் இருந்தது. இரண்டு படி கீழே நின்ற பிள்ளைக்கு அதே பாடம் பலன் தரவில்லை. அவர் 1998இல் விரிவாக எழுதிய கோட்பாட்டில் ஆங்கிலத்துக்கும் படிகள் சொல்லியிருக்கிறார். தனிச்சொற்கள், பிறகு எழுவாய் வினை செயப்படுபொருள் என்ற ஒழுங்கு, பிறகு கேள்விச் சொல்லை முன்னுக்கு வைப்பது, பிறகு துணைவினையைப் புரட்டுவது, கடைசியில் பதிந்த கேள்வியில் அந்தப் புரட்டலை விடுவது. படர்க்கை 'எஸ்' இந்தப் படிகளின் மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. எழுவாயிலிருந்து வினைக்கு ஒரு செய்தியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதே!

இதனால் "வேர் யூ கோ?" என்று கேட்கும் பிள்ளையிடம் பதிந்த கேள்வியை எதிர்பார்க்காதீர்கள். அதற்கு அடுத்த படியான "வேர் ஆர் யூ கோயிங்?" என்பதற்கு இழுத்துக்கொண்டு வாருங்கள். சொற்களை அதிகமாக்க இந்தத் தடை இல்லை, எந்தப் படியில் நின்றாலும் புதுச் சொற்கள் சேரும்.

அறுகம்பையில் விருந்தினர் விடுதியில் வேலை செய்கிற தம்பி கடகடவென்று பேசுகிறான். இலக்கணத்தில் அவன் என்ன மட்டம்?

சுற்றுலாப் பயணிகளோடு பழகியே ஆங்கிலம் பிடித்தவர்கள் பொத்துவில் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய ஆங்கிலத்தைத் தாழ்வாக நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு வெள்ளைக்காரரின் வேகமான பேச்சை விளங்கி, உடனே பதில் சொல்லி, வேலையை முடிப்பது பெரிய திறமை.

இலக்கண மட்டத்தை மதிப்பிடும்போது மட்டும் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். "வுட் யூ லைக் சம் டீ?" என்று அவர் அழகாகக் கேட்பார். அது முழுத் துண்டாகக் காதில் விழுந்து முழுத் துண்டாக வெளியே வருகிறது. 'வுட்' என்பதை வேறு இடத்தில் தானாகப் போடத் தெரிகிறதா? "மழை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "இஃப் ரெயின் கம், வீ கோ இன்சைட்" என்று வந்தால் நிபந்தனை வாக்கியத்தின் கருத்து இருக்கிறது, வடிவம் இன்னும் வரவில்லை என்று தெரியும். அவருக்குத் தேவை புதிதாக விதி அல்ல. தன் வாயில் ஏற்கெனவே இருக்கும் துண்டுகளைப் பிரித்துப் பார்த்து, வேறு சொல் போட்டுப் பார்க்கும் பழக்கம்.

பிள்ளையின் மட்டத்தை வீட்டிலோ வகுப்பிலோ எப்படிச் சோதிப்பது?

ஒரே இலக்கணத்தை மூன்று விதமாகப் பாருங்கள். முதலில் பேச்சு. நேற்று நடந்த ஒன்றை, திருவிழாவோ பெருநாளோ கிரிக்கெட்டோ, இரண்டு மூன்று நிமிடம் சொல்லச் சொல்லிக் கைபேசியில் பதியுங்கள். இடையில் திருத்தக் கூடாது. திருத்தினால் பிள்ளை பேச்சை விட்டு விதியைத் தேடத் தொடங்கிவிடும். பிறகு அதே கதையை ஆறுதலாக எழுதக் கொடுங்கள். கடைசியாக, அந்தப் பிள்ளையின் சொந்தப் பிழைகளில் நான்கைந்தைச் சரியான வசனங்களோடு கலந்து கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். ஏன் அப்படித் திருத்தினாய் என்று தமிழில் கேளுங்கள்.

எண்ணும்போது பிழைகளை மட்டும் எண்ணாதீர்கள். அந்த இலக்கணம் கட்டாயம் வந்திருக்க வேண்டிய இடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனையில் வந்தது என்று பாருங்கள். பிரவுன் தன் ஆய்வில் கட்டாய இடங்களில் 90 சதவீதம் வந்தால்தான் பிள்ளை அதைக் கைப்பற்றியதாக எடுத்தார். வீட்டுக்கு அவ்வளவு கண்டிப்புத் தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் வந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். "ஐ கோஸ்", "தி கல்முனை" என்று வந்தால் பிள்ளை வடிவத்தைப் பிடித்திருக்கிறது, எல்லையைப் பிடிக்கவில்லை.

மூன்றிலும் பிழையென்றால் பாடமே இன்னும் ஏறவில்லை. திருத்தும்போது சரி, எழுதும்போது பாதி, பேச்சில் இல்லை என்றால் விளக்கம் போதும், பயன்பாடு குறைவு. இன்னொரு விளக்கம் கொடுப்பது நேரவிரயம். பேச்சில் சரியாக வந்து திருத்தும்போது தடுமாறினால் கேட்டுப் பழகிய பிள்ளை, எழுத்துக்கு உதவி செய்யுங்கள்.

எல்லாப் பிழையையும் திருத்த வேண்டுமா?

வேண்டாம். பிட் கோடர் 1967இல் எழுதிய ஒரு கட்டுரை, வாய் தவறி வருவதையும் பிள்ளையின் மனதிலுள்ள விதியே வேறாக இருப்பதால் வருவதையும் பிரித்துக் காட்டியது. வாய் தவறியதைப் பிள்ளை தானே திருத்தும், ஒரு பார்வை போதும். மற்றதில், அடுத்த படிக்கு வந்துவிட்டதைத் தெரிவுசெய்து திருத்துங்கள். பொருளைக் கெடுப்பது முதலில். 'எஸ்' விடுபட்டால் யாருக்கும் விளங்காமல் போகாது, அது பொறுத்திருக்கலாம்.

ஓ.எல். பரீட்சை கிட்ட வந்துவிட்டது. இப்போது எதில் கவனம்?

எழுத்துப் பரீட்சையில் யோசிக்க நேரம் இருக்கிறது. விதியாகத் தெரிந்த அறிவு அங்கே நன்றாக வேலை செய்யும். ஆகவே விதி லேசாகவும் பேச்சில் பிந்தியும் வரும் இலக்கணங்களில்தான் விரைவாகப் புள்ளி எடுக்கலாம்: படர்க்கை 'எஸ்', எண்ணுக்குப் பின் பன்மை, இறந்தகால உருவம். எழுதி முடித்ததும் இவற்றுக்காக மட்டும் மூன்று தடவை விடைத்தாளை மேலிருந்து கீழ்வரை பார்க்கப் பழக்குங்கள். ஒரு தடவைக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே தடவையில் தேடும் பிள்ளை ஒன்றையும் கண்டுபிடிக்காது. 'அ', 'தி' இரண்டையும் கடைசி மாதத்தில் தொடக்கத்திலிருந்து படிப்பிக்க முயல வேண்டாம்.

வாசிப்புப் பகுதியின் இலக்கணக் கஷ்டத்தை எப்படி மதிப்பிடுவது?

எழுதுவதில் கஷ்டமானது வாசிப்பில் கஷ்டமாக இருக்க வேண்டியதில்லை. எழுத்தில் 'தி'யை விட்டுவிடும் பிள்ளையும் 'தி' உள்ள வசனத்தைத் தடையில்லாமல் வாசிக்கும். வாசிப்பில் இடறுவது வேறு. "தி போட்ஸ் ரிப்பேர்ட் இன் வாழைச்சேனை ஆர் ஸ்ட்ரோங்" என்ற வசனத்தில் பிள்ளை 'ரிப்பேர்ட்' என்பதையே முக்கிய வினையாக எடுத்து, படகு எதையோ திருத்தியது என்று நினைக்கும். தமிழில் 'வாழைச்சேனையில் திருத்திய படகுகள்' என்று அடைமொழி முன்னால் வந்துவிடும், பெயர் வரும்போது எல்லாம் தெளிவு. ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்து அடைமொழி பின்னால் தொங்குகிறது. ஒரு பகுதியைத் தெரிவுசெய்யும்போது எழுவாய்க்கும் அதன் வினைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை எங்கள் பிள்ளைகள் வாசிப்பில் விழுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

இலக்கணத்தைத் தமிழில் விளங்கப்படுத்தலாமா?

தாராளமாக. பொருள் கஷ்டமான இலக்கணத்துக்குத் தமிழ் விளக்கம் கட்டாயம் என்றே சொல்வேன். "ஐ லிவ் இன் காத்தான்குடி" என்பதையும் "ஐ ஆம் லிவிங் இன் காத்தான்குடி" என்பதையும் பலகையில் எழுதி, எது நிரந்தரமாக இருக்கிறவர் சொல்வது, எது கொஞ்ச நாளைக்கு வந்து தங்கியிருக்கிறவர் சொல்வது என்று தமிழில் கேளுங்கள், தமிழிலேயே வாதாட விடுங்கள். வடிவம் கஷ்டமானதற்கு விளக்கத்தைக் குறைத்து ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பழக விடுங்கள்.